எருமைக்கு வால் உண்டு

மனு எழுதும் தம்பிகளுக்கு,

உங்கள் சங்கத்திலிருந்து வந்த கடிதம் கிடைத்தது. அச்சடித்த கடிதம். "பெரியீர்" என்பதற்குப் பிறகு ஒரு கோடு, கோட்டின்மேல் ஊதா மையில் என் பெயர். "தங்களின் ......... ஆண்டுகாலப் பொன்னான அனுபவத்தை" என்ற இடத்தில் எண்ணை எழுத மறந்துவிட்டீர்கள். அதற்குக் கீழே, "ஓய்வு பெற்றவர் / காலமானவரின் வாரிசு (பொருந்தாததை அடிக்கவும்)" என்று இருந்தது. நீங்கள் எதையும் அடிக்கவில்லை. நானே பேனாவை எடுத்து இரண்டாவதை அடித்தேன். 

கோபமெல்லாம் இல்லை. கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதையும் இல்லை. இந்தக் கோடு போட்ட காகித வியாதியை எங்கள் தாலுகாக் கச்சேரி வாசலுக்குக் கொண்டுவந்தவனே நான்தான். இன்றைக்கு நீங்கள் கையில் வைத்திருக்கும் மாதிரி மனுப் புத்தகங்களுக்கெல்லாம் நான் ஒரு விதத்தில் தகப்பன். பிள்ளைகள் இவ்வளவு பெருகும் என்று அப்போது தெரியாது.

மேட்டூரில் அணை வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. நாமக்கல்லில் கச்சேரிக்கு எதிரே வேப்பமரத்தடியில் நான் சாய்வுப் பெட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். வயது முப்பது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனாலேயே கூட்டம் சேர்ந்தது. கூட்டம் சேர்ந்ததும் எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கதையைத்தானே சொல்கிறார்கள், அதை ஏன் தினமும் புதிதாக எழுதி விரல் தேய வேண்டும்?

நேரே அச்சுக்கூடத்துக்குப் போனேன். மூன்று நிறத்தில் மனு அடிக்கச் சொன்னேன். நிலத்துக்கு வெள்ளை, குடும்பச் சச்சரவுக்கு ரோஸ், கால்நடைக்கு மஞ்சள். மஞ்சள் மனுவின் வாசகம் இன்னும் எனக்கு மனப்பாடம்.

"மகாகனம் பொருந்திய சமூகத்துக்கு, ......... கிராமத்தில் வசிக்கும் ......... ஆகிய பரம ஏழை செய்துகொள்ளும் விண்ணப்பம். அடியேனுக்குச் சொந்தமான ......... (மாடு / எருமை / ஆடு), நடுத்தர உயரம், கொம்பு இரண்டு, வால் உண்டு, ......... கிழமையன்று கைதவறிப் போய்விட்டபடியால், அடியேனும் அடியேனுடைய பச்சிளம் குழந்தைகளும் அன்ன ஆகாரமின்றித் தவிக்கிறபடியால்..."

வால் எதற்கு என்று கேட்பீர்கள். எழுத்துக் கோக்கிறவர் அந்த வரி பாதியில் நிற்கிறது, பார்க்க மொட்டையாக இருக்கிறது என்றார். நான் யோசித்து வாலைக் கொடுத்தேன். வரி நிரம்பிவிட்டது. இடது ஓரத்தில் நாலு விரல் அகலம் வெறுமையாக விடச் சொன்னதும் நான்தான். அச்சுக்கூடக்காரர், "காயிதம் வீணாகுமேப்பா" என்றார். "அழகா இருக்கும், விடுங்க" என்றேன்.

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஒரு மனுவுக்குக் கால் மணி நேரம் ஆனது போய், பெயரையும் ஊரையும் கேட்டுக் கோட்டில் எழுதிக் கைநாட்டு வாங்கும் நேரம்தான். எழுபது வயதுப் பிரம்மச்சாரி ஒருவருக்கும் என் தயவில் பச்சிளம் குழந்தைகள் கிடைத்தன. பட்டு வேட்டியும் கடுக்கனுமாக வந்தவர்கள் பரம ஏழைகளாகத் திரும்பினார்கள். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. அச்சில் வந்துவிட்டால் அது சர்க்கார் சொன்னது என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை வந்துவிட்டது என்பதுதான் விசேஷம். கொஞ்ச நாளில் நான் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். கோடுகளை மட்டும் பார்த்தேன்.

இப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை காலையில் பாவாயி வந்தாள்.

எருமப்பட்டிப் பக்கத்துக்காரி. நாற்பது வயதிருக்கும். புருஷன் அணை வேலைக்கென்று மேட்டூர் போனவன், போனவன்தான். அவளுக்கு இருந்தது ஓர் எருமை. அந்தப் பாலை ஊற்றித்தான் உப்பும் புளியும் வாங்கிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அது கயிற்றை அறுத்துக்கொண்டு யாருடைய சோளக் காட்டிலோ மேய்ந்திருக்கிறது. காட்டுக்காரர்கள் பிடித்து நாமக்கல் பவுண்டுக்கு ஓட்டிவந்து அடைத்துவிட்டார்கள். பயிரில் மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைக்கும் சர்க்கார் பட்டிக்குப் பவுண்டு என்று பேர். உடையவர் வந்து தண்டம் கட்டி ஓட்டிப்போக வேண்டும். இவள் வந்தபோது இன்னொருவரும் அது தன்னுடையது என்று சொல்லி அனுப்பியிருந்தாராம். இரண்டு பேர் கேட்டால் டிப்டி தாசில்தார் உத்தரவில்லாமல் விட முடியாது, மனு எழுதிக்கொண்டு வா என்று பவுண்டுக்காரர் துரத்திவிட்டார். இந்த விவரமெல்லாம் நான் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டது.

"ஏனுங்க சாமி, எப்படியாச்சும் இன்னைக்கே உடச் சொல்லி எழுதுங்க. கன்னு ஊட்ல கத்திக்கிட்டுக் கெடக்குதுங்க. இருவது நாளுக் கன்னு. அப்பறம், அது மத்த எருமையாட்டம் இல்லீங்க, கறக்கறதுன்னா..."

நான் கையை ஆட்டினேன். இலைமேல் உட்காரும் ஈயை ஓட்டுகிற மாதிரி ஓர் ஆட்டு. அந்தக் காலத்தில் அது எனக்கு நன்றாகப் பழகியிருந்தது.

"சரி சரி. ஊரைச் சொல்லு."

"ஊரு சொல்றனுங்க. ஆனா கறக்கறப்ப அது..."

"அதுக்கெல்லாம் இதுல எடமில்லம்மா. பேரு?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். பெயரைச் சொன்னாள். நான் எருமைக்கு ஒரு சுழி சுழித்தேன், ஞாயிறு என்று எழுதினேன், இடது கைப் பெருவிரலைப் பிடித்து உருட்டினேன். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை ஒரு வில்வண்டி வந்து நின்றது. கரூர் சாலைப் பக்கம் பெரிய பண்ணையக்காரர். அவர் பட்டியில் இருபது எருமை. ஒன்று குறைகிறது என்று பண்ணையாள் சொல்லியிருக்கிறான். பவுண்டில் ஒன்று நிற்கிறது, நம்முடையது மாதிரிதான் இருக்கிறது என்றும் அவனே சொல்லியிருக்கிறான். அந்த மனிதர் பொய்யர் இல்லை. அதை நான் இன்றைக்கும் சொல்வேன். இருபதில் ஒன்றையாவது அவர் முகத்துக்கு நேரே பார்த்திருந்தால்தானே பொய் சொல்வதற்கு.

நான் மஞ்சள் காகிதத்தை எடுத்து நிரப்பி வாசித்துக் காட்டினேன்.

"பரம ஏழைன்னு வருதே?" என்றார்.

"அது அச்சுல வந்துட்டுதுங்க."

"அப்பச் சரி" என்று கையெழுத்துப் போட்டார்.

இரண்டும் ஒரே எருமை என்று எனக்குத் தோன்றவே இல்லை, தம்பிகளே. தோன்றுவதற்கு வழியே இல்லை. என் கணக்கில் அந்தத் தாலுகாவில் ஒரே எருமைதான் இருந்தது. நடுத்தர உயரம், கொம்பு இரண்டு, வால் உண்டு. அதுதான் வாராவாரம் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

புதன்கிழமை காலை கச்சேரிச் சேவகரான டவாலி வந்து, "ஐயா கூப்பிடறாருங்க" என்றார். டிப்டி தாசில்தார் மேசையில் இரண்டு மஞ்சள் காகிதம் இருந்தது. மெலிந்த மனிதர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுவார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அது சத்தத்தைவிட மோசம்.

ஒரு காகிதத்தின்மேல் இன்னொன்றை வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். எழுத்தின்மேல் எழுத்து அச்சாகப் பொருந்தி, ஒரே காகிதம் மாதிரித் தெரிந்தது. பெயர் இருந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மசி கலங்கியிருந்தது.

"இரண்டும் நீர் எழுதியதுதானே?"

"ஆமாங்க."

"இதில் மெய் எது, பொய் எது?"

நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"வால் உண்டு என்று போட்டிருக்கிறீர். வால் இல்லாத எருமை இங்கே எத்தனை பார்த்தீர்?"

"இல்லீங்க. அந்த வரியில கொஞ்சம் எடம் இருந்துதுங்க."

"ஓ" என்றார். கண்ணாடியைத் துடைத்தார். "இடம் இருந்தால் வேறு ஏதாவது எழுதக் கூடாதா?"

வெளியே இரண்டு கட்சியும் நின்றது. பண்ணையக்காரருக்கு நாலு சாட்சி. நாலு பேரும் அவருடைய பண்ணையாட்கள். பாவாயிக்குச் சாட்சி சொல்ல நாமக்கல்லில் ஒருவரும் இல்லை. எல்லாரும் குழம்பி நிற்கும்போது டவாலி ஒரு யோசனை சொன்னார். எருமையை அவிழ்த்துவிட்டால் அது தன் எசமானிடம் தானே போகும் என்றார். கேட்பதற்கு ராஜா கதை மாதிரி இருந்தது. டிப்டி தாசில்தாருக்கும் ஆசை வந்துவிட்டது. பவுண்டுக்குப் போனோம்.

பவுண்டுக்காரர் ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்து கதவைத் திறந்தார். எருமை வெளியே வந்தது. ஒரு பக்கம் பாவாயி, ஒரு பக்கம் பண்ணையாள். அது இரண்டு பேரையும் பார்த்தது. பிறகு நடுவே புகுந்து நேரே மலையடிக் குளத்துக்குப் போய், கழுத்தளவு தண்ணீரில் இறங்கிப் படுத்துக்கொண்டது.

மூன்று நாளாக வெயிலில் கட்டிக் கிடந்த எருமை. அதைக் குற்றம் சொல்ல முடியாது. பாவாயி கரையில் நின்று வாய்க்கு வந்தபடி வைதாள். பண்ணையாள் புல்லைக் காட்டிக் கொஞ்சினான். பண்ணையக்காரர், "வாடி லட்சுமி" என்று பொதுவாக ஒரு குரல் கொடுத்தார். அது கண்ணை மூடிக்கொண்டது. மத்தியானம் வரை தாலுகா நிர்வாகம் முழுவதும் குளத்தங்கரையில் நின்றது. அந்த வழியாகப் போனவர்கள் எந்தப் பெரிய மனுஷர் குளத்தில் விழுந்துவிட்டார் என்று விசாரித்தார்கள். கடைசியில் நாலு பேர் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்து திரும்பவும் பவுண்டில் கட்டினார்கள்.

"எருமை சாட்சி சொல்ல இஷ்டப்படவில்லை" என்றார் டிப்டி தாசில்தார். அவர் வேட்டியெல்லாம் சேறு. "நாளை காலை பத்து மணிக்குள் இரண்டு பேரும் வேறு மனு கொண்டுவாருங்கள். அச்சடித்தது வேண்டாம். எழுதினது. அதிலும் ஒன்றும் தெரியவில்லையென்றால் சாட்சி இருக்கிறவர் பக்கம் உத்தரவு போட்டுவிடுவேன். எனக்கு வேறு வழியில்லை." என்னைப் பார்த்து, "நீரே எழுதும்" என்றார்.

பண்ணையக்காரர்தான் முதலில் வந்து உட்கார்ந்தார். நான் வெகு காலத்துக்குப் பிறகு வெறும் காகிதம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

"உங்க எருமையைப் பத்திச் சொல்லுங்க."

"நல்ல எருமை."

"அப்பறமுங்க?"

"ரொம்ப நல்ல எருமை." கொஞ்சம் யோசித்தார். "அட, எருமையப் பத்தி என்னப்பா சொல்றது? நீயே பாத்து நாலு நல்ல வார்த்தையாப் போடு."

போட்டேன். காமதேனுவுக்கு ஒப்பானதும், கார்மேகத்தைப் பழிக்கும் நிறத்ததும் என்று ஒரு பக்கம் போனது. வாசித்துக் காட்டியதும் அவருக்கு ரொம்பத் திருப்தி. அவருடைய எருமையைப் பற்றி அவருக்கே அன்றைக்குத்தான் இவ்வளவு தெரிந்தது.

பாவாயி வரவில்லை. நான்தான் எழுந்து போனேன். கச்சேரி மதிலோரம் உட்கார்ந்திருந்தாள். ஊருக்குப் போகவில்லை. போய்விட்டு வந்தால் பத்து மணிக்குத் தவறிவிடுவோம் என்ற பயம். கன்றைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டு, கேழ்வரகுக் கஞ்சி கரைத்து ஊற்றச் சொல்லியிருந்தாள்.

"எருமையைப் பத்திச் சொல்லும்மா, எழுதலாம்" என்றேன்.

"என்னத்தச் சொல்றது? மொத நாளே சொன்னனுங்களே. நீங்க கைய இப்பிடி ஆட்டுனீங்க." ஆட்டிக் காட்டினாள். நான் ஆட்டுவது வெளியிலிருந்து பார்க்க அவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"தப்புத்தான். இப்பச் சொல்லு."

"இப்ப எடம் இருக்குதுங்களா?"

"இருக்குது."

அப்போதுதான் கவனித்தேன், அவள் வலது கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள். எடுத்துக் காட்டினாள். இரண்டு விரல் இல்லை. கரும்பு ஆலையில் கொடுத்தது என்றாள். மூன்று நாளாக அவள் எதிரே இருந்திருக்கிறேன். பெருவிரலை உருட்ட இடது கையைப் பிடித்தவன், வலது கை எங்கே என்று கேட்கவில்லை.

"இந்தக் கையோட எல்லாரும் உக்கோர்ற பக்கம் உக்கோந்து கறக்க வாகா இல்லீங்க. அதனால நான் சோத்தாங்கைப் பக்கமாத்தான் உக்கோருவேன். மொத ஈத்துல இருந்தே அதுக்கு அப்பிடியே பழக்கம். மத்தப் பக்கம் ஆரு உக்கோந்தாலும் ஒதைச்சுப் போடும். எங்க அண்ணனையே ஒதைச்சுதுங்க."

"அப்பறம்?"

"வெய்யோணுங்க."

"எதுக்கு?"

"வெஞ்சாத்தான் பால் உடும். கொஞ்சுனா எக்கிக்கும். நான் கறக்கறப்பல்லாம் போனவர வெஞ்சுக்கிட்டேதான் கறப்பேன். அதுவும் அப்பிடியே பழகிக்கிச்சு."

எழுதிக்கொண்டே வந்தேன். அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்கு அந்த எருமையே கண்ணுக்குத் தெரிந்தது. புருஷன் போன வீட்டில், வசவுதான் தனக்கு அழைப்பு என்று நினைத்து வளர்ந்த எருமை. நான் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. கார்மேகத்தை எதுவும் பழிக்கவில்லை. அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. இன்னொன்றும் மனசில் ஓடியது. பவுண்டுக்காரர் எதனால் நொண்டுகிறார்?

மறுநாள் பத்து மணிக்கு டிப்டி தாசில்தார் இரண்டு மனுவையும் படித்தார். காமதேனு மனுவை அரை நிமிஷத்தில் கீழே வைத்துவிட்டார். பாவாயியின் மனுவை இரண்டு தடவை படித்தார். படித்து முடித்து அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பவுண்டுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

பண்ணையக்காரரைப் பார்த்துக் கேட்டார்: "உங்கள் எருமையை எப்படிக் கறப்பது வழக்கம்?"

"எப்பிடின்னா? எல்லா எருமையும் கறக்கற மாதிரிதானுங்க. எருமை எருமைதானுங்களே."

என் மனுவை ஒருவர் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

"சரி, உங்கள் ஆளைக் கறக்கச் சொல்லுங்கள்."

பண்ணையாள் ஒரு பித்தளைச் செம்பை வாங்கிக்கொண்டு, வழக்கமான பக்கம் போய்க் குந்தினான். செம்பை முழங்காலுக்கு நடுவே வைத்துக் கையைத் தடவிக் காம்பை நோக்கி நீட்டினான்.

"அய்யோ, அந்தப் பக்கம் வேண்டாமப்பா!" என்று ஒரு குரல் கேட்டது.

பவுண்டுக்காரர்தான். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. செம்பு எட்டடி தூரத்தில் போய் விழுந்தது. பண்ணையாள் மல்லாந்தான்.

டிப்டி தாசில்தார் நிதானமாகத் திரும்பினார். "உமக்கு எப்படித் தெரியும்?"

பவுண்டில் அடைத்த மாட்டைக் கறப்பது குற்றம். பவுண்டுக்காரர் தரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு தன் முழங்காலைப் பார்த்தார். "தெரியாம மோதிக்கிச்சுங்க" என்றார். தினமும் இரண்டு வேளை தெரியாமல் மோதியிருக்கிறது.

பிறகு பாவாயி போனாள். செம்பை எடுத்துச் சேலையில் துடைத்தாள். மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்க் குந்தினாள். போன புருஷனையும், அவனைப் பெற்றவளையும், அணை கட்டுகிறவர்களையும் வரிசையாக வைய ஆரம்பித்தாள். ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் காதில் விழக்கூடிய வார்த்தைகள் அல்ல. எருமை காதை ஆட்டிக்கொண்டு கேட்டது. காலை ஒழுங்காக வைத்துக்கொண்டது. நாலு நாள் கன்று குடிக்காத மடி. கொஞ்சம்தான் வந்தது. செம்பின் அடியில் சர்ரென்று விழுந்த அந்தச் சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

டிப்டி தாசில்தார் அங்கேயே, பவுண்டுச் சுவரின்மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பண்ணையக்காரர் ரகளை பண்ணவில்லை. "அப்ப எங்கது எங்க போச்சு?" என்று பண்ணையாளை மட்டும் கேட்டார். பாவாயி கயிற்றைப் பிடித்துக்கொண்டு எருமப்பட்டிப் பாதையில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஒருவருக்கும் கும்பிடு போடவில்லை. அவளுக்கு நேரமில்லை.

கிளம்பும்போது டிப்டி தாசில்தார் என்னிடம், "இந்த மனு திங்கட்கிழமையே வந்திருந்தால் செவ்வாய்க்கிழமை முடிந்திருக்கும் ஓய்" என்றார். நான் அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். பெருமையாக வேப்பமரத்தடிக்கு வந்து உட்கார்ந்தேன்.

கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. மறுநாளே மரத்தடியில் கூட்டம் நெரிந்தது. எல்லாரும் கேட்டது ஒன்றுதான். பாவாயி மனு மாதிரி ஒன்று வேண்டும். ராசிபுரத்திலிருந்து காளை மாட்டைத் தொலைத்துவிட்டு ஒருவர் வந்தார்.

"அதே மாதிரி எழுதிப் போடுங்க. சோத்தாங்கைப் பக்கம் உக்கோந்தாத்தான் பால் குடுக்கும்னு."

"உங்களுது காளைங்களே?"

"இருந்தா என்னுங்க? அது செயிச்ச மனுவாச்சே."

சிரிக்காதீர்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேன். சிரித்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? யோசித்தேன். கேட்கிறார்களே, கொடுத்தால் என்ன? "(வலப்பக்கம் / இடப்பக்கம்) உட்கார்ந்தால்தான் பால் தரும், (வைதால் / கொஞ்சினால்) மட்டுமே விடும், பொருந்தாததை அடிக்கவும்." பச்சை நிறக் காகிதத்தில், விசேஷ மனு. வாசகத்தை எழுதி மடித்து எடுத்துக்கொண்டு அடுத்த வியாழக்கிழமை காலையில் அச்சுக்கூடத்துக்குக் கிளம்பினேன். மனிதனுக்குப் புத்தி வருவது அவ்வளவு சுலபமில்லை. எனக்கு வந்தது அச்சுக்கூடத்து வாசலில்.

பாவாயி எதிரே வந்தாள். தலையில் வைக்கோல் கட்டு. என்னைப் பார்த்ததும் நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நான் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"எருமை நல்லா இருக்குதா? பால் உடுதா?" என்றேன்.

"எங்கீங்க உடுது? கன்னு செத்துப் போச்சுங்களே."

"எப்ப?"

"புதன்கெழம பொழுது எறங்கறப்ப. நான் கச்சேரிச் செவுத்தோரம் உக்கோந்து உங்களுக்கு அதச் சொல்லிக்கிட்டு இருந்தனே, அப்ப. கஞ்சி அதுக்குச் சேரலீங்க." தலைச்சுமையை ஒரு கையால் சரிசெய்தாள். "தோல உரிச்சு வைக்கோலத் திணிச்சுக் கன்னாட்டமே நிறுத்தி வெச்சிருக்கறனுங்க. மூஞ்சி, காது எல்லாம் அப்பிடியே இருக்குது. அது வந்து ஒருக்கா மோந்து பாத்துது. அப்பறம் திரும்பிக்கிச்சு. எத்தன வெஞ்சாலும் உட மாட்டேங்குது."

நான் நாட்களை எண்ணினேன். திங்கள், செவ்வாய், புதன். டிப்டி தாசில்தார் சொன்னது பாராட்டு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. நடுத்தெருவில் நின்று, கையிலிருந்த காகிதத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் வேட்டி மடிப்பில் செருகினேன்.

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் எழுதினேன். மிச்சமிருந்த மஞ்சள், ரோஸ், வெள்ளை எல்லாம் கடலைப் பொட்டலத்துக்குப் போயிற்று. வருகிறவரை உட்காரவைத்து, அவர் வாயிலிருந்து வருவது முடியும் வரை பேனாவைத் தொடமாட்டேன். ஒரு நாளைக்கு ஆறு ஏழு மனுதான் ஆகும். மெதுவான ஆள் என்று பெயர் வாங்கினேன். பலர் என்னைவிட்டு, மாதிரி வைத்திருந்த மற்ற மரத்தடிகளுக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்கெல்லாம் பச்சிளம் குழந்தைகள் பிறந்துகொண்டே இருந்தன. நீங்கள் இப்போது மாதிரிப் புத்தகத்தைப் பார்த்து நிமிஷத்துக்கு ஒன்று தட்டுகிறீர்களாம். சந்தோஷம். தட்டுங்கள். எதிரே இருப்பவர், "மத்ததாட்டம் இல்லீங்க" என்று ஆரம்பித்தால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். நம்மிடம் வருகிறவர்கள் எல்லாருமே ஏதோ ஓர் இடத்தில் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். மனு அங்கேதான் இருக்கிறது.

பாவாயி அன்றைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒன்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"ஏனுங்க சாமி, அந்த மஞ்சக் காயிதத்துல கன்னுக்கு எடமே இல்லீங்களா?"

 இடம் இருந்தது. இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை நாலு விரல் அகலத்துக்கு இருந்தது. அழகாக இருக்கும் என்று நான்தான் விடச் சொன்னேன்.